காப்பீட்டு அட்டையின் வேலை முடிந்த பிறகு மாத்திரை தருவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துவதற்காக யுனைட்டெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துடன் தமிழ்நாடு அரசு 2022 ஜனவரியில் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கானது. அதற்கு அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது பிரீமியம் எவ்வளவு, மருத்துவமனைகள் எத்தனை, சிகிச்சைகள் எத்தனை என்பவைதாம் வழக்கம்போல் பேசப்படும். அந்தப் பேச்சில் இடம்பெறாமலே போய்விடக்கூடிய ஒரு செய்தியை, முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்தாளுநராக இருந்து 2022இல் ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தங்கள் நாளிதழின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். நோயாளி சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படும் நாளோடு காப்பீட்டின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அந்த நாளில்தான் அவருடைய ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் வேலை தொடங்க வேண்டும். ஆனால், இங்கே ஒன்று முடிந்தது என்பதை அங்கே சொல்வதற்கு, நான் பணியில் இருந்தவரையிலும் அதன்பின் கண்டவரையிலும், ஓர் ஒழுங்கான வழி இல்லை.

இதைப் படிப்பவர்கள் என்னைக் காப்பீட்டுத் திட்டத்துக்கு எதிரானவன் என்று எண்ணிவிடக் கூடாது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதற்கு முன்பு, இதய அறுவை சிகிச்சை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து வழங்கும் இடத்தருகே நின்று அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனதையும், இருந்த அரை ஏக்கர் கைமாறியதையும் பார்த்திருக்கிறேன். 2012 ஜனவரியில் அந்தத் திட்டத்துக்கு மாற்றாக இப்போதைய திட்டம் வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபோது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று பாதுகாப்பு உயர்ந்தது. பெயர் மாறியபோதும் ஆட்சி மாறியபோதும் இந்த ஏற்பாடு கைவிடப்படவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்வேன். என்னுடைய குறை திட்டம் இருப்பதைப் பற்றியதன்று, அது நிற்கும் இடத்தைப் பற்றியது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு கொத்தனார் இருக்கிறார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சென்ற ஆண்டு ஓர் இரவில் நெஞ்சு வலி வந்து, 108 ஆம்புலன்சில் தாலுகா அரசு மருத்துவமனைக்குப் போய், அங்கே ஈசிஜி எடுத்துப் பார்த்து முதலுதவி செய்து மேல் சிகிச்சைக்கு அனுப்பியபோது, உறவினர்கள் அவரை நகரத்தில் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அட்டை இருந்ததால் அன்றைக்கே இதயக் குழாயின் அடைப்பைக் கண்டறியும் ஆஞ்சியோ பரிசோதனை செய்து, குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். சிகிச்சைக்கென்று குடும்பம் பணம் கட்ட நேரவில்லை. இதுவரை எல்லாம் திட்டம் நினைத்தபடியே நடந்தது. உயிரைக் காத்த மருத்துவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்தது நான்கு பக்க ஆங்கிலத் தாள். அதில் ஐந்து மருந்துகள், ஐந்தும் கம்பெனிப் பெயர்களில். முதல் சில நாள்களுக்கான மாத்திரைகளை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதம் அதே சீட்டை வெளியில் மருந்துக் கடையில் நீட்டியபோது ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆயிற்று. ஒன்றரை மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது மனைவியின் நூறு நாள் வேலைக் கூலி மட்டுமே. இரண்டு மாதம் முழுமையாக வாங்கினார்கள், மூன்றாம் மாதம் பாதி வாங்கினார்கள், அதன்பிறகு வலிதான் இல்லையே என்று நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் மாதம் மறுபடியும் அதே வலி. வைத்த ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம். மறுபடியும் அட்டை, மறுபடியும் சிகிச்சை. உயிர் தப்பியது, ஆனால் இதயத்தின் இரத்தம் இறைக்கும் ஆற்றல் குறைந்துபோனது. இன்று அவரால் சாரத்தில் ஏற முடியாது. கட்டடம் நடக்கும் இடத்தில் நிழலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறார். அதற்குக் கூலி யார் கொடுப்பார்கள்?

இரண்டாம் முறை அவர் வீடு திரும்பிய பிறகுதான் நான் பார்க்கப் போனேன். முதல் முறையே போயிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த தாளைப் படித்துப் பார்த்தேன். கம்பெனிப் பெயர்களுக்குள்ளே இருந்தவை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வயிற்றுப் புண் வராமலிருக்க ஒன்று. ஓய்வு பெறும் நாள்வரை இந்த மருந்துகளை நான் என் கையால் எண்ணிக் கொடுத்திருக்கிறேன், ஒரு பைசா வாங்காமல். அவர் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தாலுகா மருத்துவமனையில் அவை இருந்தன. இதைச் சொன்னபோது அவர், "அங்கே இருக்குன்னு யாருமே சொல்லலையே அண்ணே" என்றார்.

மருத்துவம் அறியாத வாசகர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். ஸ்டென்ட் என்பது இரத்தக் குழாய்க்குள் விரித்து வைக்கப்படும் உலோக வலை. உடம்பு அதை அயல்பொருளாகவே எடுத்துக்கொள்வதால், குழாயின் உள்தோல் அதன்மேல் படிந்து மூடும்வரை அங்கே இரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது. எனவே, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துப் பொதுவாக ஓராண்டு எடுக்க வேண்டும், அதன்பின்னும் சில மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் இவற்றை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைப்பது ஒரு மணி நேர வேலை. அதைக் காப்பது தினந்தோறும் காலையில் விழுங்கும் மாத்திரை. ஆக, அரசு பணம் கொடுத்து வைத்த ஸ்டென்ட், மாத்திரை இல்லாததால் கெட்டுப்போகிறது. பிறகு அதே அரசு அதற்கு மறுபடியும் பணம் கொடுக்கிறது.

2022 ஒப்பந்தத்தின்போது இந்தத் திட்டத்தில் 1,090 சிகிச்சை முறைகளும், 52 கண்டறியும் பரிசோதனைகளும், 8 தொடர் சிகிச்சைகளும் உள்ளன என்று அரசே அறிவித்தது. இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆயிரத்துத் தொண்ணூறு வழிகளில் ஒருவருக்குச் சிகிச்சை செய்யலாம், எட்டு வழிகளில்தான் அதன்பின் அவரைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஆயுஷ்மான் பாரத் திட்ட விதிகளின்படியும் மருத்துவமனையை விட்டு வந்த பிறகு பதினைந்து நாள்களுக்கான மருந்துச் செலவுதான் அடங்கும். பதினாறாம் நாள் காலையில் அந்தக் கொத்தனாரின் நோய் போய்விடுகிறதா? காப்பீடு என்பது எதிர்பாராமல் வரும் பெரிய செலவுக்கான ஏற்பாடு என்பது எனக்குத் தெரியும். தினப்படி மாத்திரையைக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த மாத்திரை ஏற்கெனவே வேறோர் அரசுக் கிடங்கில் இருக்கிறது, அங்கே போகும் வழியைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கிடங்கு எப்படி வந்தது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நான் பணியில் சேர்ந்த காலத்தில், காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் பெரிய ஜாடியில் கலக்கிவைத்த மிக்சரைத்தான் ஊற்றிக் கொடுப்போம். வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து சீசா கொண்டுவர வேண்டும். மாத்திரைகளை எண்ணிப் பழைய காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். நாங்கள் இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல், போட்டது ஒன்றாகவும் வந்து சேர்ந்தது வேறாகவும் இருக்கும். ஒரு மருத்துவமனையில் தேவைக்கு மேல் குவிந்த மருந்து காலாவதியாகிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து ஊரில் அதே மருந்து இல்லாமல் நோயாளிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாக்கப்பட்டு அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கிய பிறகுதான் இந்த நிலை மாறியது. மாநிலம் முழுமைக்கும் தேவையான மருந்துகளை வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளியில் மொத்தமாக வாங்கினார்கள், கம்பெனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் பெயரிலேயே வாங்கினார்கள். வந்த சரக்கில் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே கிடங்கிலிருந்து வெளியே விட்டார்கள். மாவட்டங்களில் கிடங்குகள் வந்தன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் வந்தது. எவ்வளவு தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்பது வங்கிக் கணக்குப் புத்தகம்போல் அதில் ஏறும். "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்ட அட்டையில் வந்த மாத்திரைகளை முதன்முதலில் கையில் வாங்கிய நாளை நான் மறக்கவில்லை. பின்னாளில் கேரளமும் இராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

நான் ஓய்வு பெற்ற பிறகு இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு உடனே கொடுப்பதற்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்று மருந்துகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இருப்பு வைத்தார்கள். எந்த மூன்று மாத்திரைகளை நிறுத்தியதால் எங்கள் ஊர்க் கொத்தனார் மறுபடியும் படுக்கையில் விழுந்தாரோ, அதே மூன்று மாத்திரைகள் அவசரத்துக்கென்று அவருடைய கிராமத்துக்கே வந்துவிட்டன. மருந்து அவர் ஊர்வரை வந்திருக்கிறது, அவருக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. இதைவிட எனக்கு மனவேதனை தருவது வேறில்லை.

சேராததற்குக் காரணங்கள் சிறியவை, ஆனால் பிடிவாதமானவை. தனியார் மருத்துவமனை தரும் தாளில் மருந்தின் பெயர் இருப்பதில்லை, கம்பெனிப் பெயர்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வருகிறவரிடம் உள்ளே இருப்பது இதே மருந்துதான் என்று சொல்லி நம்பவைக்க வேண்டும். அங்கே கொடுத்தது மஞ்சள் நிறத்தில் பெரியதாக இருந்தது, இது வெள்ளையாகச் சிறியதாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு வாங்கிய மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. புறநோயாளிச் சீட்டு போட்டு மருத்துவரைப் பார்த்து அவர் எழுதினால்தான் மருந்தாளுநர் மருந்து கொடுக்க முடியும். பணிச்சுமையில் இருக்கும் இளம் மருத்துவர் நான்கு பக்க ஆங்கிலத் தாளைப் படித்து முடிப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும். சில இடங்களில், அறுவை செய்த இடத்திலேயே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, எங்கள் இண்டென்ட் சென்ற காலத்தில் எவ்வளவு செலவானது என்பதை வைத்தே போடப்படுவது. தன் பகுதியில் புதிதாக எத்தனை பேர் ஸ்டென்டோடு வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பது தெரியாத மருந்தாளுநர் அவர்களுக்கென்று மருந்து கேட்டு எழுத முடியாது. யாரும் வாங்க வராததால் மருந்து வராமல் போகிறது, மருந்து வராததால் ஒருமுறை வந்தவரும் மறுமுறை வருவதில்லை.

ஆனால் அந்த எண்ணிக்கை அரசிடம் இல்லாமலில்லை. காப்பீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை செய்ய வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும். குடும்ப அட்டை எண், முகவரி, நோய், செய்யப்போகும் சிகிச்சை, வீடு திரும்பும் நாள் எல்லாம் கணினியில் ஏறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மருத்துவமனைக்குப் பணம் வராது. பணம் கொடுப்பதற்காகச் சேர்க்கும் அதே விவரத்தை, அந்த நோயாளியின் ஊர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்தது என்று பார்த்து அங்கே அனுப்பிவைப்பது பெரிய தொழில்நுட்பம் தேவைப்படும் வேலையன்று. விவரம் சரியாக ஏற வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைப் பற்றி 2023இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, நாடு முழுவதும் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவு செய்யப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. பத்து இடங்களிலும் ஒன்பது என்ற எண்ணை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அட்டை கொடுக்கும்போது யாரோ ஒருவர் எண் கேட்கச் சோம்பியதால், பின்னால் அந்த நோயாளியைத் தேட வேண்டிய நேரத்தில் தேட முடியாமல் போகிறது.

தேடிப் போவதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுத்துவருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகளும் இதே திட்டத்தில் போய்ச் சேர்கின்றன. கொத்தனாரின் தெருவுக்கும் ஒரு தன்னார்வலர் வருகிறார், அவருடைய பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் போகிறார். கொத்தனாரின் பெயர் அவருடைய பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றியும் சிறிது பேச வேண்டும். 2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய், குடும்பங்கள் ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. ஏழை மக்களுக்காகச் செலவாகும் இந்தத் தொகையை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும், இவ்வளவு செலவழித்துக் காத்த உயிரை அடுத்த ஓராண்டுக்குக் காப்பதற்கு ஆகும் மாத்திரைச் செலவு, மொத்தமாகக் கொள்முதல் செய்யும் அரசுக்கு, அதன் அருகே வைத்துப் பேசத் தகுந்ததே அன்று. விலையைக் குறைக்க வேண்டும் என்று அரசு முனைந்தால் குறைக்க முடியும் என்பதை ஸ்டென்ட் விஷயத்திலேயே கண்டோம். 2017 பிப்ரவரியில் விலைக்கு உச்சவரம்பு விதித்தபோது, ஒரு லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் முப்பதாயிரத்துக்குள் வந்தது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2013-14இல் நாட்டின் மருத்துவச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாயை மக்கள் தம் கையிலிருந்து கொடுத்துவந்தார்கள், 2021-22இல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. நல்ல மாற்றம்தான். இன்னும் கையிலிருந்து போகும் பணத்தில் பெரும்பகுதி புறநோயாளிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் போவது என்பதுதான் நான் பேசிக்கொண்டிருப்பதன் அடிப்படை. உள்நோயாளியாகப் படுத்தால்தான் பேசும் அட்டைக்கு அந்தச் செலவு கண்ணில் படுவதில்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. வாரத்துக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. இயந்திரத்துக்கான கட்டணத்தைத் திட்டம் கொடுக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் இயந்திரங்கள் கூடியிருக்கின்றன. ஆனால் 156 முறை போய்வரும் செலவும், கூடப் போகிறவர் இழக்கும் கூலியும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சிறுநீரகம் பழுதானவர்களில் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்து, நடுவில் நின்றுபோனவர்கள். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தால், பலரை இந்த இயந்திரத்தின் பக்கமே அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

அட்டை பெறுவதற்கான வருமான வரம்பைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்று இருந்ததை 1,20,000 ஆக உயர்த்தியது வரவேற்கத் தக்கது. ஆனால் அது மாதம் பத்தாயிரம்தான். நாளைக்கு ஐந்நூறு ரூபாய் கூலிக்கு மாதம் இருபத்தைந்து நாள் வேலை செய்கிற ஒருவர் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் சம்பாதிக்கிறார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அட்டை இல்லை. எனவே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று கேட்கப் போகிற ஏழை, குறைத்துச் சொல்ல வேண்டியவராகிறார். எழுதிக் கொடுக்கிறவருக்கும் அது தெரியும். உழைத்துப் பிழைக்கிற ஒருவரைத் தன் மருத்துவத்துக்காகப் பொய் சொல்லவைக்கும் வரம்பு திருத்தப்பட வேண்டும்.

இவ்வளவும் எழுதும்போது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கிறவர்களின் மீது இன்னொரு சுமையை ஏற்றச் சொல்கிறோமே என்ற எண்ணம் எனக்கு இல்லாமலில்லை. தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் திரண்டதையும், அந்தக் கோரிக்கை அதன்பின்னும் பலமுறை எழுந்ததையும் நாடு அறியும். வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்குக் கொடுக்கப்படுவது ஊக்கத்தொகைதான், ஊதியமன்று. மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருக்கும் நிலையங்களில் செவிலியரே மருந்தும் கொடுக்கிறார். ஒருவரை நம்பித் தொடர்ந்து வரும் நோயாளிக்கு அங்கே இருப்பவர் நிலையாக இருக்க வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகள் சிகிச்சை செய்து ஈட்டும் தொகையில் ஒரு பகுதி அந்த மருத்துவமனையின் மேம்பாட்டுக்கும் ஊழியர்களின் ஊக்கத்தொகைக்கும் போகிறது. அறுவை நடக்கும் பெரிய மருத்துவமனைக்கு மட்டும் போகும் அந்தப் பணத்தில், அறுவைக்குப் பின் ஓராண்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சிறிய நிலையத்துக்கும் ஒரு பங்கு வைத்தால், அதை வாங்கிக்கொண்டு வேலையைச் செம்மையாகச் செய்ய எங்கள் ஊழியர்கள் காத்திருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

அனைத்து மக்களுக்கும் மருத்துவம் என்று 2002இல் சட்டம் இயற்றிய தாய்லாந்தில், அதற்கு முன்பே பல ஆண்டுகள் செலவிட்டு மாவட்ட மருத்துவமனைகளையும் கிராம சுகாதார நிலையங்களையும் கட்டி முடித்திருந்தார்கள். அங்கே ஒருவர் முதலில் பதிவு செய்துகொள்வது தன் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்தில்தான். பெரிய மருத்துவமனைக்குப் போவதும் அதன் வழியாகத்தான், திரும்பி வருவதும் அங்கேதான். நம்மிடமும் அந்த நிலையங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை 1939இல் இயற்றிய மாகாணம் நம்முடையது. பிரசவத்துக்கு நம் தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பி வந்தது, கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து பெயர் எழுதி, தவறினால் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு, பிரசவத்துக்குப் பின்னும் போய்ப் பார்த்த கிராம சுகாதாரச் செவிலியர்களால்தான். இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் அதே கவனிப்பைத்தான் கேட்கிறேன்.

எனவே, அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது ஒரு விதியைச் சேர்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். காப்பீட்டில் சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பக்கத் தாள் தமிழில் கொடுக்கப்பட வேண்டும். எந்த மருந்து, கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், எந்த வேளைக்கு, எந்தத் தேதிவரை, எதைத் தாமாக நிறுத்தக் கூடாது, அது இலவசமாகக் கிடைக்கும் அரசு மருத்துவமனை எது, அடுத்துப் போக வேண்டிய நாள் எது, இந்தச் சிகிச்சைக்காக அரசு கொடுத்த தொகை எவ்வளவு. அதே தாளின் நகல் அன்றே அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மருத்துவமனைக்கான பணம் விடுவிக்கப்படும் என்று விதித்தால், ஒரு தாள்கூடத் தவறாது. பணத்தோடு கட்டப்பட்ட தாள் எந்த மருத்துவமனையிலும் மறக்கப்படுவதில்லை என்பதை முன் அனுமதிப் படிவங்களில் நாம் பார்த்துவருகிறோம்.

எங்கள் ஊர்க் கொத்தனார் இப்போது மாதத்துக்கு ஒருமுறை தாலுகா மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கிவருகிறார். முதல் முறை நான் கூடப் போய், அங்கே என்னோடு வேலை பார்த்த மருந்தாளுநரிடம் தாளைக் காட்டி விளக்கினேன். அவர் வீட்டுச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் நானே தமிழில் எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது. மாத்திரை தீரும் நாளை அவருடைய மகள் அதில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர்,
புதுக்கோட்டை மாவட்டம்.